ஆளில்லாத மூலைக்கு ஒரு பாஸ்

எங்கள் ஹாக்கி அணி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு முறை எதிரணி ஏறி வந்த லாரி குர்லாவில் நின்றுபோய் அவர்கள் வந்து சேரவே இல்லை, அன்று ஜெயித்தோம். மற்றபடி யுத்த காலத்துப் பம்பாயில் அரிசிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன் என்றால் எங்களுக்கு மட்டும் கோலுக்கும் ரேஷன். அந்த அணிக்கு நான் காரியதரிசி. ஸ்டிக்கைப் பிடிக்கத் தெரியாதவன், ஓடத் தெரியாதவன், ஆனால் வாய் ஓயாமல் வேடிக்கை பேசத் தெரிந்தவன் ஒருவன் அகப்பட்டால் அவனைக் காரியதரிசி ஆக்கிவிடுவது மாதுங்கா வழக்கம். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். என் வயிறு எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அணியில் பாதிப் பேர் மாதுங்கா குமாஸ்தாக்கள். மீதிப் பேர் தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர்கள். முன்பு நன்றாக ஆடிக்கொண்டிருந்த நாலைந்து பேர் காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். எஞ்சியவர்களை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆண்டாப் ஹில் பக்கத்துத் திடலில் தோற்றுக்கொண்டிருந்தோம். தோற்று முடித்ததும் மாதுங்காக்காரர்கள் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து வந்து, ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டே, யார் எப்படி ஆடினான் என்று தீர்ப்புச் சொல்வோம். தாராவிக்காரர்கள் அந்த ஹோட்டலுக்கு வருவதில்லை. வாருங்கள் என்று நாங்கள் கூப்பிட்டதாகவும் எனக்கு நினைவில்லை. ஆகையால் தீர்ப்பு யாரைப் பற்றியோ, அவன் அங்கே இருக்க மாட்டான்.

தீர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் கமிட்டியில் இருந்தவர்கள்தான் பேட்டையின் சங்கீத சபா கமிட்டியிலும் இருந்தார்கள். சனிக்கிழமை சாயந்திரம் கச்சேரியில் ஆட்டிய தலையை அப்படியே ஞாயிற்றுக்கிழமை ஹாக்கித் திடலுக்குக் கொண்டுவருவார்கள். ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு நெளிந்து வளைந்து நாலு பேரைத் தாண்டினால், ஆஹா, என்ன கற்பனை என்று தொடையில் தட்டுவார்கள். பந்து வந்த கையோடு அதை இன்னொருவனுக்குத் தள்ளிவிட்டால் முகம் சுருங்கிவிடும். நல்ல இடத்தில் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுப் பிடில்காரரைப் பார்த்தது போல அவர்களுக்கு இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என் தாளம் தப்பும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தச் சபைக்குக் கிடைத்த வித்வான் ஒரு தாராவிப் பையன். பத்தொன்பது வயது இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்து ஊர். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே வளைந்த கம்பு ஒன்றைக் கையில் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னான். அண்ணனோடு தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்து இழுத்து அவனுடைய உள்ளங்கை இரண்டும் கோடைக் கண்மாய் மாதிரி வெடித்துக் கிடக்கும். ஸ்டிக்கின் பிடியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுவான். ஆட்டம் முடிந்து பார்த்தால் துணியில் அங்கங்கே சிவப்புத் தெரியும்.

முதல் வருஷம் அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பந்து அவன் ஸ்டிக்கை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே வரும். மூன்று பேர் சேர்ந்து வந்தாலும் குனிந்து, நின்று, திரும்பி, அவர்கள் நடுவிலிருந்தே வெளியே வருவான். நாங்கள் ஒன்பது கோல் வாங்கிய ஆட்டத்தில்கூட அவன் ஒருவனாக இரண்டு கோல் போட்டான். எங்கள் தலைவர், கணக்கு இலாகாவில் ரிடையரானவர், அன்று காபியை ஆற விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இது ஞானம் ஓய். சொல்லிக் குடுத்து வராது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் ஆபீசுக்கு ஒரு கோவாக்காரர் வந்துபோவார். ஒரு பெரிய ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் ஹாக்கி அணியை நடத்துகிறவர். நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கே நிரந்தர வேலை போட்டுக் கொடுப்பார்கள். ஒரு நாள் டிபன் வேளையில் அவரிடம் எங்கள் பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. டிபன் டப்பாவைத் திறக்கும்போது தாராவிக்கு ஆடிக்கொண்டிருந்த பையன், நான் மூடும்போது தேசத்துக்கே ஆடிக்கொண்டிருந்தான்.

அவர் சிரிக்கவில்லை. தோற்கிற அணியில் கொஞ்சம் ஆடத் தெரிந்தவன்கூடப் பெரிய ஆளாகத்தான் தெரிவான், அவன் இன்னும் வளர்கிறானா, வளர்ந்து நின்றுவிட்டானா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும் என்று பாதி ஹிந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னார். மழை முடிந்து ஆட்டம் தொடங்கியதும் நீங்களே கவனித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிறகு நானும் வந்து பார்க்கிறேன் என்றார். என் அபிப்பிராயத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. வீட்டில்கூட உப்பு போதுமா என்பதோடு சரி. தலையை ஆட்டிவிட்டேன்.

மழை நின்றது. ஆட்டம் தொடங்கியது. பையன் கெட்டுப்போனான்.

அப்படித்தான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவன் லெஃப்ட் இன் ஆடுகிறவன். அவனுக்கு இடது பக்கம், கோட்டை ஒட்டி ஆடுகிறவன் லெஃப்ட் அவுட். முந்திய வருஷம் பந்தைத் தானே வைத்துக்கொண்டு விளையாடியவன், இப்போது பந்து வந்ததும் ஒரே ஒரு பார்வை பார்ப்பான், டக்கென்று இடது மூலைக் கொடியை நோக்கித் தள்ளிவிடுவான். அங்கே ஈ, காக்காய் இருக்காது. பந்து தன் பாட்டுக்கு உருண்டு கோட்டைத் தாண்டிப் போகும். எங்கள் லெஃப்ட் அவுட், ஒரு பாங்கு குமாஸ்தா, மிகவும் ஒழுங்கானவன். தனக்குச் சொன்ன இடத்தில் நின்றபடி, தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்ப்பது போல அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. பையன் பேரில் ஒரு கோல் இல்லை. ஹோட்டலில் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "கமகம் போயிடுத்து ஓய். வெறும் கட்டையா இருக்கு" என்றார். சின்ன வயதில் ஜொலித்துவிட்டுத் தொண்டை உடைந்ததும் காணாமல் போன பாடகர்களைப் பற்றி இன்னொருவர் வருத்தத்தோடு பேச ஆரம்பித்தார். எனக்கோ கோவாக்காரர் நினைவு வந்தது.

எனக்குப் பயம் வந்தால் முதலில் நாக்குக்குத்தான் வரும். வேடிக்கைப் பேச்சு அதிகமாகும். பிறகு கைக்கு வரும், கடைசியாகக் காலுக்கு வரும். ஆபீசில் கோவாக்காரர் தலை தெரிந்தாலே ஃபைல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு நாள் அங்கே ஏற்கெனவே ஹெட் கிளார்க் நின்றுகொண்டிருந்தார். அவர் யாருக்குப் பயந்து வந்தவர் என்று நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. வீட்டில் சாம்பார் சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்ததைப் பார்த்துவிட்டு என் மனைவி, "ஏன்னா, ஆடறது அந்தப் பையன்தானே? உங்களுக்கு என்ன வந்துடுத்து?" என்றாள். நியாயமான கேள்வி. இன்னும் கொஞ்சம் மோர் கேட்டேன்.

கடைசியில் கோவாக்காரர் என்னை அலமாரிக்குப் பின்னாலேயே வந்து பிடித்துவிட்டார். வருகிற ஞாயிறு வருகிறேன், பையனைப் பார்த்துவிட்டு உங்களோடும் பேச வேண்டும் என்றார்.

அதே வாரம் பையனுடைய அண்ணன் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார். மேலே வாருங்கள் என்றேன். உடம்பில் தோல் வாடை இருக்கு, வேண்டாம் என்றுவிட்டார். முப்பது வயதுக்கு மேல் இராது, ஆனால் கைகள் அறுபது வயதுக் கைகள்.

"சார், பட்டாளத்துக்கு பூட்ஸுத் தோலு கேக்கான். ஞாயித்துக்கெழமையும் ஷாப்பு ஓடுது. இவன் மட்டும் கம்பத் தூக்கிட்டு வந்திருதான். நான் வேண்டாம்னு சொல்லல. அவன் கையப் பாத்தியளா? இன்னும் ரெண்டு வருசம் அந்தத் தொட்டியில கெடந்தா, கம்பு பிடிக்க இல்ல, சோறு அள்ளவும் ஆவாது. தேறுவான்னா சொல்லுங்க, விட்டுருதேன். தேற மாட்டான்னா அதையும் சொல்லிருங்க. இந்த மாசத்தோட நிறுத்திப்புடலாம்."

நான் என்னவோ ஒரு வேடிக்கை சொன்னேன். அவர் சிரிக்காமல், நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வாருங்கள், சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகும் படியில் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். பந்து மூலைக்குப் போனால் அது வெறும் பந்து என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதோடு பையனுடைய இரண்டு கைகளும் சேர்ந்து உருண்டு வெளியே போவது போல இருந்தது.

அன்று சாயந்திரமே தாராவிக்குப் போனேன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தோல் ஷாப்புக்குள் தேடிப் பிடித்தேன். பையன் ஒரு மரக்கட்டையின் மேல் தோலை விரித்துப் போட்டு மயிரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, பந்தை யாருக்குத் தள்ளறே?"

"லெஃப்ட் அவுட்டுக்கு, சார்."

"அவன் அங்கே இல்லையே."

"அங்க ஆள் இருக்கணும், சார்."

"இருக்கணும்னு சொன்னா? இல்லையேடா."

"இருக்கணும்லா, சார்."

அதில் திமிர் இல்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொல்லிவிட்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தான். எனக்கோ தலை சுற்றியது, பாதி பயத்தால், பாதி வாடையால். ஒர்க்‌ஷாப்காரர் ஞாயிறு வருகிறார், பாஸ் கீஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வை, போன வருஷம் போல நீயே நாலு பேரைத் தாண்டிக் காட்டு என்று கெஞ்சினேன். சரி சார் என்றான். போன வருஷம் பாடிய பாட்டையே மறுபடியும் பாடச் சொன்னால் வித்வான்கள் முகம் எப்படிப் போகும், அப்படிப் போயிற்று அவன் முகம்.

ஞாயிறு வந்தது. கோவாக்காரர் வந்தார். மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்தார். எதிர்ப்பக்கம் வேலி ஓரமாக அண்ணன் வேலை உடுப்போடு வந்து நின்றார். எல்லோரும் வந்தாயிற்று, லெஃப்ட் அவுட்டைத் தவிர. செம்பூரில் பெண் பார்க்கப் போயிருக்கிறான், நல்ல நேரம் இப்போதுதானாம் என்று அவனுடைய தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆடப் பத்துப் பேர்தான் இருந்தார்கள். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காரியதரிசின்னு ஒருத்தர் எதுக்கு ஓய் இருக்கார்?" என்றார்.

யுத்த காலத் தொண்டர் படைக்காகத் தைத்த காக்கி நிஜார் ஒன்று வீட்டில் இருந்தது. ஓடிப் போய் மாட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஓட்டத்திலேயே எனக்கு ஆட்டம் முடிந்துவிட்டது.

எதிரணி துறைமுகத் தொழிலாளர்கள். என்னைத் தடுக்க ரைட் ஹாஃபாக எதிரே நின்றவர் ஆறடிக்குக் குறைய மாட்டார். முதல் தடவை பந்து என்னிடம் வந்ததும், குழந்தை கையிலிருந்து கிலுகிலுப்பையை வாங்கிக்கொள்வது போலச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார். அப்போதே என் ஆட்டத் திட்டத்தைத் தீர்மானித்துவிட்டேன்: அவர் எங்கே இல்லையோ அங்கே இருப்பது.

பையன் நான் சொன்னபடி இரண்டு முறை பந்தை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு பேரைத் தாண்டினான். தலைவர் தொடையில் தட்டியது எனக்குக் கேட்டது. மூன்றாவது ஆள் பிடுங்கிவிட்டான். இரண்டாம் தடவையும் அதேதான். அதோடு பையன் என் பேச்சைக் கைகழுவிவிட்டான். பந்து வந்தது, ஒரு பார்வை, டக்கென்று மூலைக்குத் தள்ளினான்.

ஆனால் அந்தச் சமயம் நான் அந்த மூலைப் பக்கத்தில்தான் இருந்தேன். பையனிடம் பந்து போனதும் அந்த ஆறடிக்காரர் என்னை விட்டுவிட்டு அவனைப் பிடிக்க உள்ளே ஓடினார். இதுதான் சமயம் என்று நான் அவர் முதுகுக்குப் பின்னால் கோட்டை ஒட்டி நழுவி, கண்ணுக்கெட்டிய வரை ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கில் ஏதோ வந்து தட்டியது. குனிந்து பார்த்தால் பந்து. அதிர்ச்சியில் ஸ்டிக்கைத் தூக்கிவிட்டேன். பந்து அதன் அடியில் புகுந்து வெளியே போய்விட்டது.

இரண்டாம் முறையும் அப்படியே ஒளிந்தேன். இரண்டாம் முறையும் பந்து தேடிக்கொண்டு வந்தது. இந்தப் பையனுக்கு என்மேல் என்ன விரோதம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் முறை ஒளியப் போகும்போதுதான், பாதி வழியில், எனக்குப் புரிந்தது. அவன் என்னைப் பார்த்துப் பந்தைத் தள்ளவில்லை. நான் அங்கே இருப்பேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாதே. ரைட் ஹாஃப் தன்னை நோக்கி வந்துவிட்டால் அந்த ஆள் விட்டுவிட்டு வந்த இடம் காலி. லெஃப்ட் அவுட் என்று ஒருவன் இருந்தால் அந்தக் காலி இடத்துக்குத்தான் ஓடி வர வேண்டும். மூன்று ஞாயிறுகளாக அவன் சரியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தான். பாங்கு குமாஸ்தா மேலும் தப்பில்லை. பாட்டுக்காரர் இடத்தில் பாட்டுக்காரர், மிருதங்கம் இடத்தில் மிருதங்கம், அவனவன் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சொல்லி வைத்தவர்கள் கமிட்டிக்காரர்களாகிய நாங்கள்தான்.

பந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கமாக ஓங்கி அடித்தேன். கண்ணைத் திறந்தபோது, தான் வாங்கி உள்ளே தள்ளிய பந்தைப் பையன் கோலுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம்.

நான் புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கோவாக்காரர் வந்தார். வேலிப் பக்கமிருந்து அண்ணனும் வந்து நாலடி தள்ளி நின்றார். பையன் கையில் சுற்றிய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் பந்தைத் திரும்பத் திரும்ப யாரும் இல்லாத இடத்துக்குத் தொலைக்கிறானே, நீங்கள் சொன்ன பையன் இவன்தானா, வளர்கிறானா நின்றுவிட்டானா என்று கோவாக்காரர் கேட்டார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போன வருஷம் கேட்டிருக்க வேண்டும், அப்போது என்ன மாதிரி என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

நான் குறுக்கிட்டேன். ஒரு வேடிக்கையும் அந்தச் சமயத்துக்கு வரவில்லை. என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன்: அவன் தொலைக்கவில்லை. நான் லெஃப்ட் அவுட் இல்லை, உங்களுக்கே தெரியும். அந்த ரைட் ஹாஃபுக்குப் பயந்து, அவர் விட்டுவிட்டுப் போன இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டிருந்தவன். நான் ஒளிந்த இடத்துக்கெல்லாம் பந்து முன்பே கிளம்பி வந்துவிட்டது. ஓடத் தெரிந்த ஒருவனை அங்கே ஓடச் சொல்லிப் பாருங்கள். போன வருஷம் அவன் நாலு பேரைத் தாண்டினான். இந்த வருஷம் அந்த நாலு பேரையும் தன்னிடம் வர வைத்துவிட்டுப் பந்தை அனுப்பிவிடுகிறான். வளர்ந்திருக்கிறான், ஐயா. தவறு எங்கள் பக்கம்.

கோவாக்காரர் என் வயிற்றை வெகுநேரம் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் எங்கள் திடலுக்கு அழைத்து வாருங்கள், எங்கள் லெஃப்ட் அவுட் ஓடுவான் என்றார்.

அவர் போனதும் அண்ணன் என்னைப் பார்த்தார். "தேறிட்டான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, தேறவில்லையென்றால் என்ன செய்வது என்று செவ்வாய்க்கிழமை வரை தூக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி என்று அரை நாள் லீவு போட்டேன். அது பொய்யில்லை. அவர்கள் திடலில் எல்லோருக்கும் பூட்ஸ், ஒரே நிறச் சட்டை. பையன் வெறுங்காலோடு நடுவில் போய் நின்றான். ஒல்லியாக, நெட்டையாக ஒரு ஆங்கிலோ இந்தியன் லெஃப்ட் அவுட். கொஞ்ச நேரம் பந்து அங்கே இங்கே போயிற்று. பிறகு பையனிடம் வந்தது. ஒரு பார்வை. மூலைக்குத் தள்ளினான். மூலையில் ஆளில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

காதில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று போயிற்று. கண்ணைத் திறந்தால் நெட்டையன் கொடிக்கம்பத்தருகில் பந்தோடு திரும்பிக்கொண்டிருக்கிறான். பையன் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அடுத்துப் பந்து வந்து சேர வேண்டிய இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவன் என் பக்கத்தில் நின்றான். முகம் முழுக்க வேர்வை. என்னைப் பார்க்காமல், திடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சார், அங்க ஆள் இருக்காவ."

அடுத்த மாதமே அவனுக்கு அந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. எங்கள் அணி வழக்கம்போல நடந்தது, அதாவது தோற்றது. பாங்கு குமாஸ்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவன் வருவது நின்றது. லெஃப்ட் அவுட்டாகக் காரியதரிசியே தொடரலாம் என்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது. பெண் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, நாங்கள் தோற்றுவிட்டு கிங்ஸ் சர்க்கிளில் நடந்து வரும்போது பையன் எதிரே வந்தான். ஹோட்டலுக்குள் வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தலைவர் நகர்ந்து இடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு மனசு கேட்காமல், "ஏண்டா, இப்பவாவது நாலு பேரைத் தாண்டறியா?" என்று கேட்டார்.

"தேவப்படல, சார்" என்றான்.

தலைவர் என் பக்கம் சாய்ந்து, "அடக்கம் வந்திருக்கு ஓய்" என்றார். நான் பையன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கில் கறுப்பாக எண்ணெய்க் கறை. வெடிப்பு மூடியிருந்தது. சுடச்சுட வந்த காபி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஊதி ஊதிக் குடித்தான்.